துரு பிடிக்காமல்

"தோல் உறைக்குள்ள மட்டும் வச்சிடாதீங்க மேடம். தோல் ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். இரும்பு போயிடும்."

காவல் நிலையத்தின் உள்மேசையில் தன் இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பிரித்துப் பரப்பிவைத்துக்கொண்டு பெரியவர் சொன்னார்.

"வெளிய எடுத்துத்தான் வச்சிருக்கேங்க" என்றாள் ஆயுத அறைக்குப் பொறுப்பான பெண் காவலர்.

மேடம் என்று அவர் கூப்பிட்டது தன் மகளை.

பக்கத்து மேசை ஏட்டுக்கு அது தெரியும். பெரியவர் உள்ளே வந்தாலே, "நீங்க எண்ணெய் போட்டுப் போட்டு நம்ம ஸ்டேஷனே வழுக்குது போங்க" என்று சிரித்துவிட்டு, டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். சீக்கிரம் திரும்பமாட்டார்.

தேர்தல் அறிவித்ததும், உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தோட்டத்தில் பன்றி விரட்ட வைத்திருந்ததை அவரும் கொண்டுவந்து கொடுத்தார். அடைமழைக் காலம். நிலையத்துச் சுவரெல்லாம் நீர் கோத்திருந்தது. வாராவாரம் வந்து துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் போகிறேன் என்று ஆய்வாளரிடம் கேட்டார். ஆய்வாளர் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அதற்கு முன்னால் அப்பாவும் மகளும் முகம் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது.

பெரியப்பா மகன் ஒரு பள்ளிச் சிறுமியை வேனில் அடித்துவிட்டு, நிற்காமல் வந்துவிட்டான். வேனை வீட்டுக் கொட்டகையில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினான். விடுமுறையில் வந்திருந்த அவள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். முன்விளக்கு உடைந்திருந்தது. அந்தச் சிறுமி பிழைக்கவில்லை என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

அவள்தான் காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னாள். அவன் சிறைக்குப் போனான்.

"இனி அவ இந்தப் படி ஏறக் கூடாது" என்றார் பெரியப்பா. தாயில்லாத அவளைத் தோளை விட்டு இறக்காமல் வளர்த்தவர்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. தன் அண்ணன் கிழித்த கோட்டை அவர் தாண்டியதே கிடையாது. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

அதனால் இங்கே வந்தும், துப்பாக்கியைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

"மூட்டெல்லாம் எப்படி இருக்கு?" என்று அவள் கேட்பாள்.

"குளிர்னா கொஞ்சம் பிடிச்சுக்குது. எண்ணெய் தேய்ச்சா கேக்குது" என்பார், மேசைக்கடியில் முழங்காலை நீட்டி மடக்கிக்கொண்டே.

"ராத்திரில உள்ள ஒரு பல்பு எரியட்டும். சூடு இருந்தா ஈரம் அண்டாது."

"எரியுதுங்க."

"தனியா இருக்கிற இடத்துல வெளிச்சம் வேணும்ல."

"பழகிடுச்சுங்க" என்பாள்.

இன்றும் அப்படித்தான். குழலுக்குள் கம்பியில் துணி சுற்றி விட்டு எடுத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. கழற்றிய குழலை உயர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் நின்னு ஒரு வெள்ளைத் தாளைப் பிடிங்க மேடம். வெளிச்சம் பத்தல."

அவள் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வெகுநேரம் பார்த்தார். கண் குழலுக்குள் இல்லை, அதற்கு மேலே இருந்தது.

"கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுது" என்றார்.

துப்பாக்கி எங்கேயாவது இளைக்குமா என்று அவள் கேட்கவில்லை.

குழலைப் பொருத்தி, தன் விரல் பட்ட இடங்களைத் தேடித் தேடித் துடைத்தார். வேர்வையில் உப்பு இருக்கிறது, விட்டுவைத்தால் அந்த இடத்தில்தான் முதலில் துரு ஏறும் என்று வாராவாரம் சொல்வதை இன்றும் சொன்னார்.

"ஈரம் உறிஞ்சுற பொட்டலம் ஒண்ணு மாத்தணும். பழசு ஊறிப் போயிருக்கும்."

"இருங்க, எடுத்துட்டு வரேன்."

அவள் சாவியைப் போட்டு ஆயுத அறையைத் திறந்து உள்ளே போனாள். பார்வையாளர் இருக்கும்போது அந்தக் கதவை அவள் திறந்தபடி விட்டதே இல்லை. இன்று எந்த நினைப்பில் இருந்தாளோ, சாத்த மறந்துவிட்டாள்.

பொட்டலத்தோடு திரும்பியபோது, அவர் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் நெடுக, ஊர்க்காரர்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளுக்கான இரும்புத் தாங்கிகள். ஒன்றில்கூடத் துப்பாக்கி இல்லை.

தேர்தல் முடிந்து, திருப்பிக் கொடுக்கச் சொல்லி எப்போதோ உத்தரவு வந்துவிட்டது. ஊர் முழுக்கப் போன் போட்டு, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னவள் அவள்தான். ஒருவருக்கு மட்டும் போடவில்லை.

அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அப்பா..." என்றாள்.

"தெரியும்மா. பேப்பர்ல அன்னிக்கே போட்டிருந்தான். பெரியப்பாதான் சத்தமாப் படிச்சார்."

"என்ன சொன்னார்?"

அவர் அவள் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பேப்பரை மடிச்சு வச்சார். அப்புறம், 'ஈரக் காத்தா அடிக்குதுடா, துப்பாக்கி வீணாயிடும், போய்ப் பாத்துட்டு வா'ன்னார். அதுல இருந்து வாராவாரம் அவர்தான் என்னைக் கிளப்பிவிடுறார். நான் வீட்டுக்குப் போனதும், எப்படி இருக்குன்னு கேட்பார்."

அவள் எண்ணெய்த் துணியை எடுத்தாள். பளபளவென்று இருந்த குழலை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். அவர் எழுந்து போகவில்லை.

மழை விட்டு வெகுநாளாகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, தெருவில் புழுதி பறந்துகொண்டிருந்தது.