பன்னிரண்டு வருஷத்துப் பழசு

"பத்து வருஷமா வெள்ளிக்கிழமைன்னா எங்க வீட்ல கேஸ் கிரில்ல சுட்ட கறிதான்" என்று, சம்பந்தியாகப் போகும் வாணியம்பாடி ஜமீலிடம் அளந்துவிட்டிருந்தார் ஆம்பூர் தோல் முதலாளி முஷ்தாக். இந்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

ஊரெல்லாம் தேடியும் பழைய கிரில் அகப்படவில்லை. புதுசையே வாங்கி, புது ஷூவை உரசிப் பழசாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஃபினிஷிங் மாஸ்டர் ரத்தினசாமியிடம் கொண்டுபோய் இறக்கினார்.

"துரு, கரி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் ஜாஸ்தியா இருக்கணும். என் பொண்ணு கல்யாணமே இதை நம்பித்தான் இருக்கு!"

"ஏற்கெனவே ஒரு வேலை கையில இருக்கு, முதலாளி."

"அதைத் தள்ளி வைய்யா!"

தள்ளி வைத்தார். வெள்ளிக்கிழமை, அந்த வீட்டில் யாருக்கும் கிரிலைப் பற்றவைக்கத் தெரியாததால், அதற்கும் ரத்தினசாமியே வந்தார்.

ஜமீல் துருவைத் தடவித் தடவி உருகினார். "அசல் பழசு! நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கு, பன்னிரண்டு வருஷமா."

முஷ்தாக் பூரித்துப்போய் உள்ளே போனதும், ஜமீல் ரத்தினசாமியின் காதைக் கடித்தார்.

"இன்னா மாஸ்டர், இதுக்காகத்தான் என்னோட புது கிரிலை ஓரமா போட்டீங்களா? அடுத்த வெள்ளிக்கிழமை இவங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்களே!"