கைப்பிடி மண்

போதை மாத்திரையை விட்டு வீடு திரும்பிய ஜோசுவாவுக்கு எதுவும் ருசிக்கவில்லை. ஏலக்காய் மூட்டைமேல் சாய்ந்தாலும் வாசம் ஏறவில்லை. மகள் முதல் அடி எடுத்து வைத்தபோதும் நெஞ்சு சும்மா கிடந்தது.

அவர்கள் ஏறியிருந்த எஸ்டேட் ஜீப்பு போடிமெட்டு மலை வளைவில் மெதுவாகத் திரும்பியது. ஜோசுவா ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மாத்திரை விற்கும் பிரேம்சிங் வழக்கமான இடத்தில் நின்றிருந்தான். போன மாதம்தான் அவனுடைய சவப்பெட்டி மேல் ஜோசுவா கைப்பிடி மண் போட்டிருந்தான்.

பயம் வரவில்லை. வாயில் எச்சில் ஊறியது. கை தானாக வெளியே நீண்டு, எதையோ வாங்கி மூடிக்கொண்டது.

“ஏங்க, எதுக்குத் தானாச் சிரிக்கிறீக?” என்றாள் பக்கத்திலிருந்த மனைவி ஞானசெல்வி.

“ஒண்ணுமில்ல.”

உள்ளங்கையில் ஈரமண் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வாயில் போட்டுக்கொண்டான். வெட்கத்தில் காது எரிந்தது.

மண் ருசித்தது.