வாக்கியத்தில் அமைத்துச் சொல்லவும்

கெசியா இன்று என்னை எழுப்பிக் கேள்வி கேட்கவே இல்லை.

ஒரு வாரமாக முதலில் எழுப்புவது என்னைத்தான். கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் இந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் தலை நரைத்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு எதற்கு இங்கிலீஷ்? பாடம் நடத்துகிற இந்தக் கெசியாவைத்தான் என் மகன் ஆஸ்டினுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவனுக்கு முப்பத்தைந்தாகிவிட்டது. வந்த வரனெல்லாம் தட்டிப்போயிற்று. இதுவும் போனால் அவ்வளவுதான்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவைக்க முடியுமா? சபையில் விசாரித்தால் தங்கமான பெண் என்பார்கள். எந்தப் பெண்ணைத்தான் அப்படிச் சொல்லவில்லை! அதனால், மனைவி ஜோசலினிடம் உபவாச ஜெபம் என்று சொல்லிவிட்டு, முடிச்சூரிலிருந்து பஸ் மாறி வந்து நானே மாணவனாகச் சேர்ந்துவிட்டேன்.

பார்ப்பதெல்லாம் சந்தேகமாக இருந்தது. வகுப்பு நடுவே போன் வந்தால் வெளியே போகிறாள். யார் அது? பைக்கில் இறக்கிவிடுகிறவன் நிஜமாகவே அண்ணன்தானா?

பாடத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. கெட் ஆங்ரி, ஃபால் சிக், கம் ஹோம் ட்ரங்க் என்று ஜோடி ஜோடியாக போர்டில் எழுதுவாள்.

"அங்கிள், உங்க வீட்டை வெச்சே வாக்கியம் சொல்லுங்க. அப்பதான் மனசுல நிக்கும்."

இன்னும் பெண் பார்க்கக்கூடப் போகவில்லை, நான் யாரென்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? தயங்காமல் சொன்னேன். பிழையில்லாமல் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

இன்று என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதையோ மறைக்கிறாள்.

போன் அடித்தது. ஜோசலின்.

"பொண்ணு வீட்ல வேணாம்னுட்டாங்க! ஆஸ்டின் கோவத்துல டிவிய ஒடச்சது, குடிச்சிட்டு வந்து கேட்டாண்ட விழுந்து கெடந்தது, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெக்கிறாங்க. எந்தப் பாவி போட்டுக் குடுத்தானோ, வெளங்குவானா அவன்!"

ஜாதகம் பார்க்காத எங்கள் ஜனத்தில் பயோடேட்டாவோடு குடும்பப் போட்டோ போகும். அதில் கோட்டுப் போட்டு நடுவில் உட்கார்ந்திருப்பது நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

நிமிர்ந்தேன். கெசியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைலேர்ந்து நீங்க வர வேணாம் அங்கிள். உங்களுக்கு நல்லாவே பேச வந்துடுச்சு."