பகவதிக்கு மருந்து

"பகவதியா? அப்படி யாரும் இங்கன இல்லம்மா."

மரச்சீனிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்த பெண் தலை நிமிராமலே சொன்னாள். அவள் மடியில் ஒரு கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் பிருந்தாவுக்குத் திக்கென்றது. காரையாறு அணையில் படகேறி, அட்டைக்கடியோடு மலையேறி, இந்தக் காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்புக்கு அவள் வந்ததே அந்த ஒருத்தியைப் பார்க்கத்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன மாசியில திருநெல்வேலியில இருந்து வந்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்கல்லா? அதுல பகவதின்னு ஒருத்தங்க குடுத்திருக்காங்க."

"அன்னைக்கு நீங்க வரலியே."

"நான் வரல. எங்க ஆட்கள் வந்தாங்க."

"ஆமா. வந்தாவ, எடுத்தாவ, போனாவ. அதுக்குப் பெறகு இன்னைக்குத்தான் ஒரு ஆளு எட்டிப் பாக்கு."

அது உண்மைதான். ரத்தம் சென்னைக்குப் போய் முடிவு திரும்பி வருவதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது.

"தப்புதான். அதான் நானே வந்துட்டேன். பகவதிக்கு மருந்து கொண்டாந்திருக்கேன்."

கத்தி நின்றது. "அவளுக்கு என்ன நோக்காடு?"

"அதை அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லணும். ஒருத்தர் நோயை இன்னொருத்தர் காதுல போட மாட்டோம்னு வாக்குக் குடுத்துத்தான் ரத்தம் எடுத்தோம்."

அந்த விதியை எழுதியதே பிருந்தாதான். மலைச் சனங்களைச் சோதனை எலிகளாக நடத்தக் கூடாது, சம்மதமில்லாமல் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது, போட்டோ பிடிக்கக் கூடாது என்று மேலே உள்ளவர்களோடு மல்லுக்கு நின்றவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஏட்டி, டாக்டரம்மா கேக்காவள்லா? ஒழுங்காப் பதில் சொல்லு" என்றார் ராமசுப்பு.

வனக்காவலர். நாங்குநேரிப் பக்கமிருந்து இப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். காட்டுக்குள் துணையில்லாமல் போகக் கூடாது என்பதால் அவரைக் கூட அனுப்பியிருந்தார்கள். தங்கமான மனிதர். வழியெல்லாம் மருந்துப் பெட்டியை அவரே சுமந்து வந்தார். இப்போது அதன் மேலேயே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"இவங்க இப்படித்தாம்மா. பேரும் ஆளும் தெரிஞ்சிட்டா, காட்டை விட்டுக் கீழ எறக்கிருவோம்னு ஒரு பயம்."

"நான் அதுக்கு வரலம்மா. நான் ஆஸ்பத்திரி ஆளு" என்றாள் பிருந்தா.

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். பிறகு ராமசுப்புவின் காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

"அந்த மருந்தைத் தின்னா பகவதி பொழைச்சிருவாளா?"

"கண்டிப்பா. ஆனா மழைக்கு முன்னாலயே ஆரம்பிச்சிரணும். விட்டா…"

"விட்டா?"

"ஆளு தாங்காது."

அவள் குழந்தையை அடுத்த மார்புக்கு மாற்றினாள். அவள் கண் மருந்துப் பெட்டியிலேயே நின்றது.

"பகவதி என் அக்கா" என்றாள் கடைசியில். "செத்துட்டா. காய்ச்சல் கண்டு செத்துட்டா."

பிருந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்தவளைப் பற்றிப் பேசப் பிடிக்காமல்தான் முதலில் இல்லை என்றிருக்கிறாள், பாவம். ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்று நினைத்தாள்.

"அவ பாலைக் குடிச்ச பிள்ளைக்கும் அந்த நோக்காடு ஒட்டுமா?"

"அவங்களுக்குப் பிள்ளை இருக்கா?"

அந்தப் பெண் மடியைக் குனிந்து பார்த்தாள்.

"இதுவா? அக்கா பிள்ளைக்கு நீங்க பால் குடுத்து வளக்கீங்களா?" பிருந்தா நகர்ந்து அருகில் வந்தாள். "அப்ப இதுக்கும் பாக்கணும்மா. ஒரே ஒரு ஊசிக்குத்துதான். நீங்க சம்மதிச்சாத்தான்."

"பேரு எழுதணுமா?"

"எழுதணும். பிள்ளை பேரு, உங்க பேரு."

ராமசுப்பு வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்து வந்தார். "சொல்லு புள்ள, என்ன பேரு? உன் நல்லதுக்குத்தான் கேக்காவ."

"வேண்டாம்மா."

"நோய் இருந்தாலும் மருந்து இருக்கும்மா. பைய யோசிச்சுச் சொல்லுங்க."

"வேண்டாம். போயிருங்க."

பிருந்தாவுக்குக் கைகள் பரபரத்தன. ஆனால் சம்மதமில்லாமல் தொடக் கூடாது. விதி விதிதான்.

"சரிம்மா. கட்டாயமில்ல" என்று கும்பிட்டு எழுந்தாள். ராமசுப்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டார். இறங்கும்போது பிருந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

"உங்க மேல என்னம்மா தப்பு? நீங்க முறையாத்தான் எல்லாம் செஞ்சீங்க" என்று ராமசுப்பு ஆறுதல் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார்.

தேன் எடுக்கப் போயிருந்த புருஷன் திரும்பி வந்தபோது, கீழே அணையில் படகு கிளம்பும் சத்தம் கேட்டது. கிழங்கு சீவியது பாதியில் கிடந்தது.

"காக்கிச் சட்டையோட யாரோ எறங்கிப் போனாவளே. யாரைத் தேடி வந்தாவ?"

"பகவதிய. மருந்து கொண்டு வந்தாவ."

"உங்க அக்காவுக்கா? அவ செத்தது நம்ம கல்யாணத்துக்கும் முந்தியில்லா? அவளுக்கு இப்ப எதுக்கு மருந்து?"

அவள் குழந்தையை மார்பிலிருந்து வெடுக்கென்று பிரித்தாள். அது வீரிட்டு அழுதது.

"மாசியில ரத்தம் எடுத்தப்ப பேரு கேட்டாவ. பயத்துல நான் அக்கா பேரைக் குடுத்துட்டேன்."