முறைப்பாடு

"அழாதீங்கப்பா. என்ன சொல்லணும்னு எங்கிட்ட சொல்லுங்க. நான் அவருகிட்ட சொல்றேன்."

பிரஷாந்தினி அப்பாவை மேசைக்கு முன்னால் உட்கார வைத்தாள். பள்ளிச் சீருடையோடு நேராக பொலிஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். சார்ஜன்ட் பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் அன்று லீவு.

ஏழுமலை மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எஹலியகொடைக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வடைக்கடை போட்டுப் பத்து வருஷமாகிறது. வடை சூடாக இருக்கிறது, முடிந்துவிட்டது என்பதற்கு மேல் அவருக்குச் சிங்களம் வராது. மூத்தவள் நிரோஷா பின்னால் நின்று மாவரைப்பாள். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் இளையவள் முன்னால் நின்று பேசுவாள். பிரதேச சபை, சுகாதார அதிகாரி, வங்கி, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் ஏழு வயதிலிருந்து அப்பாவுக்காகப் பேசுவது பிரஷாந்தினிதான்.

"நிரோஷாவ அந்த லொறிக்காரப் பய கூட்டிட்டுப் போயிட்டான்னு சொல்லு புள்ள. எங்க இருந்தாலும் இழுத்துட்டு வரணும்னு சொல்லு."

அவள் சிங்களத்தில் பேசினாள். சார்ஜன்ட் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் கேட்டார். அப்பாவின் விவரங்களை அவள் மனப்பாடமாகச் சொன்னாள்.

"எப்ப இருந்து காணோம்னு கேக்குறாருப்பா."

"முந்தாநாள் விடியக்காலைல இருந்து. எழும்பிப் பாத்தா இல்ல."

"கடைசியா எங்க பாத்தீங்களாம்?"

"கடையிலதான். வேற எங்க?"

ஏழுமலை சட்டைப் பையிலிருந்து நிரோஷாவின் போட்டோவை எடுத்து நீட்டினார். பிரஷாந்தினி அதை வாங்கித் தன் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கேட்டா குடுக்கலாம்பா." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்காவுக்கு இருவத்திரெண்டு வயசாச்சு. அவ விரும்பித்தானே போயிருக்கா..." என்றாள்.

"வாய மூடு! கையில கெடைக்கட்டும், கால ஒடச்சு வீட்டுல போடுறேன். அவன வெட்டிட்டு நான் ஜெயிலுக்குப் போறேன்."

"போன வாரம் பெல்ட்டால அடிச்சீங்களே. அதுக்கப்புறம் அவளுக்குக் கையத் தூக்கவே முடியல."

"ரெண்டு அடிதானே அடிச்சேன்..."

அவருக்குக் குரல் உடைந்தது. "உங்கம்மா செத்தப்புறம் நான் ஒத்தையா நின்னுதானே ஒங்க ரெண்டு பேரயும் வளத்தேன்..." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். எழுந்துபோய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிரஷாந்தினியிடம் ஏதோ சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னம்மா சொல்றாரு?"

"தைரியமா இருக்கச் சொல்றாருப்பா. எப்படியும் கெடச்சிருமாம்."

ஏழுமலை எழுந்து சார்ஜன்ட்டைக் கையெடுத்துக் கும்பிட்டார். தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தச் சிங்கள எழுத்துக்களுக்குக் கீழே, மகள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், தமிழில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மழை. ஒரே குடைக்குள் இருவரும் நடந்தார்கள்.

"நான் சொன்னத எல்லாம் அப்படியே சொன்னியா புள்ள?"

"சொன்னேன்பா."

"நீ இல்லேன்னா இந்த ஊர்ல எனக்கு வாயே இல்லம்மா."

ஏழுமலை குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவருடைய தோள் நனைந்துகொண்டிருந்தது. பிரஷாந்தினியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தபோது சார்ஜன்ட் கேட்டது இன்னமும் அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

"அடையாள அட்டை தொலைந்து போனதற்கு யாராவது இப்படி அழுவார்களா, மகளே?"