எக்ஸ் எத்தனை?

“இது என்ன சங்கேதம்? மரியாதையா சொல்லிரும்மா!”

புளியறை செக்போஸ்ட்டில், தென்காசியிலிருந்து புனலூர் போகும் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோது கான்ஸ்டபிள் வீரபாகுவிடம் அந்தச் சீட்டு சிக்கியது. ஒரு பெண்ணின் பர்ஸிலிருந்து விழுந்தது. 3x + 7 = 52 என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகத் தடை இருந்த அறுபத்து நாலாம் வருஷம் அது. ஒரே மாதத்தில் இரண்டு லோடு வீரபாகுவின் மூக்குக்குக் கீழேயே கேரளாவுக்குப் போயிருந்தது. “மூணாவதும் போச்சுன்னா உம்ம பெல்ட்டைக் கழத்தி, அதை வச்சே உம்மைக் கட்டிப் போடுவேன்வே” என்று இன்ஸ்பெக்டர் நமசிவாயம் சொல்லியிருந்தார்.

“மூணு லாரி, ஏழு மணி, அம்பத்திரெண்டு மூட்டை. அதான?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “ஏட்டையா, எம்பேரு ரெபேக்காள். தென்காசியில கணக்கு டீச்சர். இது பிள்ளைகளுக்குப் போடுத சமன்பாடு. எக்ஸ் எத்தனைன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்.”

வீரபாகு ஏட்டு இல்லை. ஆனால் திருத்த மனசு வரவில்லை. எக்ஸ் என்றதும் அவருக்குப் பழைய பிரம்படி நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் அவரைக் குப்புறத் தள்ளிய எழுத்து அது.

“டீச்சர்னா எனக்குப் புரியுத மாதிரி போட்டுக் காட்டுங்க, பாப்போம்.”

சீட்டில் சாரல் விழாமல் வீரபாகு தன் தொப்பியையே குடையாகப் பிடித்தார். ரெபேக்காள் பென்சிலை எடுத்தாள்.

“நடுவுல நிக்க சமக்குறிதான் உங்க செக்போஸ்ட். இங்கன கூட்டலா இருந்த ஏழு, அதைத் தாண்டி அங்கன போனா கழித்தலாயிரும்.”

“அட! இங்கன இருந்தா அரிசி, தாண்டிட்டா கடத்தல்!”

“நீங்க எங்க கிளாஸ்ல உக்கார வேண்டிய ஆளு ஏட்டையா.”

வீரபாகு விரல் விட்டு எண்ணினார். அம்பத்திரெண்டில் ஏழு போக நாற்பத்தைந்து. பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. “புனலூர்ல கல்யாணச் சாப்பாடு முடிஞ்சிரும்யா” என்று ஒரு குரல் அழாக்குறையாகக் கெஞ்சியது. பின்னால் படுதா போட்ட வைக்கோல் லாரி ஒன்று ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் நாற்பத்தைந்து அவருக்கு மறந்தே போனது.

“மனுசன் கணக்கு போடுதான், இவன் ஒப்பாரி வைக்கான்! போய்த் தொலைலே!” என்று தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டார். லாரி பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு மலையேறியது.

“மிச்சம் நாப்பத்தஞ்சு. எக்ஸைப் பெருக்கிட்டு நிக்க மூணும் அங்கன போகணும். போனா வகுத்தலாயிரும்” என்றாள் ரெபேக்காள்.

வீரபாகு உதட்டைக் கடித்து வாய்ப்பாடு சொன்னார். மூவொண்ணில் ஆரம்பித்து, மூணு பதினஞ்சு நாப்பத்தஞ்சில் வந்து நின்றார். முகம் மலர்ந்தது.

“பதினஞ்சு! எக்ஸ் பதினஞ்சு!”

போட்டுப் பார்த்தால் சரியாக அம்பத்திரெண்டு வந்தது. பஸ்ஸில் கைதட்டினார்கள். மூன்று வருஷப் பிரம்படியில் ஏறாதது மூன்று நிமிஷத்தில் ஏறிவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கியது. சீட்டை ரெபேக்காளிடம் பணிவாகத் திருப்பிக் கொடுத்து, ஒரு சல்யூட்டும் அடித்து வழியனுப்பினார்.

அரை மணி கழித்து ஜீப் வந்தது. நிற்பதற்கு முன்பே நமசிவாயம் குதித்தார்.

“வைக்கோல் லாரி ஏதும் போச்சாவே?”

“போச்சுய்யா.”

“தொலைஞ்சோம்! உள்ள பூரா அரிசிவே! துப்பு சொன்னவன் இப்பத்தான் வந்து சொல்லுதான். டிரைவர் வழியில ஒண்ணு ரெண்டு உருவிரக் கூடாதாம். அதுக்காக மூட்டைக் கணக்கை ரகசியமா எழுதி, ஒரு பொம்பள பஸ்ஸுல கொண்டுபோறாளாம். எத்தனை மூட்டை போச்சுன்னு மேலிடத்துல கேட்டா நான் என்னவே சொல்லுவேன்?”

வீரபாகு விறைத்து நின்றார். ஆனாலும் கணக்கில் ஒரு கேள்விக்கு அவருக்கு விடை தெரிந்தது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

“பதினஞ்சுய்யா.”