சுற்றாத தொலைபேசி

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த மறு வருஷம், காஜா பெராங் தெருக் கடைகளுக்கு எண் சுழற்றும் புதுத் தொலைபேசி வந்தது. அது வசதியாக இருக்கிறதா என்று கேட்டுவர ஜெயபாலனைத் தொலைபேசி ஆபீசில் அனுப்பினார்கள். மசாலாக் கடை பீவி எடுத்த எடுப்பிலேயே மறுத்தாள்.

"இந்த வட்டத்தை நான் சுத்த மாட்டேன் தம்பி. எடுத்ததும் எக்ஸ்சேஞ்சுல நம்ம புள்ள பேசும். சாப்பிட்டியாம்மான்னு கேப்பேன். மக வீட்டுக்கு லைன் போட்டுக் குடுக்கும்."

"எந்தப் புள்ளக்கா? ஆளு உக்காந்து லைன் போடற பழைய போர்டை நானே கழட்டிட்டேன். அங்க ஆளே இல்ல லா."

"காலையிலகூடப் பேசிச்சே!"

சுழற்ற மறுப்பவர்களிடமிருந்து தொலைபேசியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. பீவியின் மகளுக்குக் கிளேபாங்கில் நிறைமாதம் என்பது ஜெயபாலனுக்குத் தெரியும். மனமில்லாமல்தான் சுவர்ப் பெட்டியிலிருந்து தொலைபேசிக் கம்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"நல்லாக் கழட்டிக்குங்க. நான் பேசத்தான் போறேன்" என்று பீவி ரிசீவரை எடுத்தாள். "சாப்பிட்டியாம்மா? கிளேபாங் வீட்டைக் குடு."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ஆம்பளப் புள்ளயா! அல்ஹம்துலில்லாஹ்!"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெயபாலன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, லைன் போட்ட புள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லுது. கம்பிய அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்களாம். வலிக்குதாம்."

ஜெயபாலன் மெல்ல விரல்களைத் தளர்த்தினான்.